குரோமட்டின் (செம்பனையில்)

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ.வும் புரதங்களும் பின்னிக் கிடக்கும் தொகுதி குரோமட்டின். சாயம் ஏற்றிப் பார்த்த வால்தர் பிளெமிங் 1880களில் இப்பெயரை இட்டார். 1884இல் ஆல்பிரெக்ட் கோசல் பெருவாத்தின் சிவப்பணுக்களிலிருந்து ஹிஸ்டோன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1928இல் எமில் ஹைட்ஸ் பாசிச் செடிகளை ஆராய்ந்து, உயிரணுப் பிரிவு முடிந்த பின்னும் இறுகியே இருக்கும் பகுதியை ஹெட்டரோகுரோமட்டின் என்றும், தளர்ந்துவிடும் பகுதியை யூகுரோமட்டின் என்றும் வகுத்தார். பாடநூல்கள் ஹைட்ஸை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பின்வந்த ஆய்வுகள் நிற்பதோ அவர் போட்ட கோட்டின் மேல்தான். 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் அடிப்படை அலகை விளக்கினார்: நூல்கண்டில் நூல்போல, எட்டு ஹிஸ்டோன்களின் திரள்மேல் டி.என்.ஏ. சுற்றியிருக்கிறது. ஒரு சுற்றலகில் 147 கார இணைகள். இறுகிய இடத்தில் மரபணு அடங்கும், தளர்ந்த இடத்தில் இயங்கும்.

மலேசியாவில் இதற்குச் சான்று செம்பனை. டுரியான் துங்கால் உள்ளிட்ட மலாக்கா வட்டாரத்தில் பால்மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று நிற்பது இம்மரமே. செம்பனைக்கு ஒரே குருத்து, பக்கக்கன்று விடாது. ஆகவே நல்ல மரத்தை அப்படியே பெருக்கத் திசு வளர்ப்பு ஒன்றே வழி. அவ்வாறு வளர்த்த மரங்கள் சிலவற்றில் 1980களில் கோளாறு தெரிந்தது. பெண்பூவில் மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் சூலிதழ் முளைத்து, பழத்தைச் சுற்றி உபரிச் சதை மூடியது. இதற்கு மேன்டில்ட் பழம் என்று பெயர். கோளாறு முற்றினால் குலையே தேறாது. நட்டு ஆண்டுகள் கழித்துப் பூத்த பிறகுதான் நட்டம் தெரியவரும்.

பாங்கியிலுள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர் அமெரிக்காவில் பணிபுரியும் ஆய்வாளர் இராபர்ட் மார்ட்டியன்சன் குழுவோடு சேர்ந்து, 2015இல் நேச்சர் இதழில் காரணத்தை வெளியிட்டனர். பூவுறுப்பை வகுக்கும் டெஃபிசியன்ஸ் மரபணுவின் நடுவே கர்மா என்ற இடம்மாறு டி.என்.ஏ. துண்டு ஒன்று குந்தியிருக்கிறது. அதன்மேல் மீத்தைல் என்னும் வேதிக்குறிகள் அடர்ந்திருந்தால் பழம் சரியாக வரும். திசு வளர்ப்பில் குறிகள் உதிர்ந்தால், மரபணுவின் படி கர்மாவில் முட்டி அரைகுறையாக முடிகிறது. மரபெழுத்தில் மாற்றமே இல்லை. இக்குறிகளும் ஹிஸ்டோன்களின் மேலுள்ள வேதிக்குறிகளும் ஒன்றையொன்று காக்கும் புரத ஏற்பாடு, அராபிடாப்சிஸ் செடியில் முன்பே விளக்கப்பட்டது.

இப்போது கன்றை வயலில் நடுமுன்பே இலைத்துணுக்கில் சோதிக்க வழியுண்டு.