கட்டடம் எழும்பும் முன்பே கம்ப்யூட்டரில் சோதனை: சிங்கப்பூரின் ‘டிஜிட்டல் இரட்டை’ எப்படி வேலை செய்கிறது?

ஒரு தெருவில் 30 மாடிக் குடியிருப்பு வரப்போகுதுன்னு வைத்துக்கொள்வோம். பின்னாடி இருக்கும் வீடுகளுக்குக் காற்று வருமா? மழைத்தண்ணீர் எங்கே தேங்கும்? கட்டி முடித்த பிறகு தெரிந்து என்ன பயன்? இதையெல்லாம் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க உதவுவதுதான் ‘டிஜிட்டல் ட்வின்’, அதாவது நகரத்தின் டிஜிட்டல் இரட்டை.

வெறும் 3டி படம்தானே?

இல்லை. படத்தில் கட்டடத்தின் தோற்றம் மட்டும்தான் இருக்கும். டிஜிட்டல் ட்வின்னில் உயரம், கூரையின் பரப்பு, பயன்பாடு போன்ற தகவல்களும் கூடவே சேர்ந்திருக்கும். அதனால் கேள்வி கேட்டால் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும்.

சிங்கப்பூர் என்ன செய்தது?

சுமார் 60 லட்சம் பேர் வாழும் சின்னத் தீவு அது. நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம், கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஒரு திட்டம் தப்பாகப் போனால், மாற்றிக் கட்ட வேறு இடம் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் 2014-ல் ‘விர்ச்சுவல் சிங்கப்பூர்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. மதிப்பு 7.3 கோடி சிங்கப்பூர் டாலர். மென்பொருள், பிரான்ஸின் தசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்துடையது. விமானம், வாகனங்களில் இருந்து லேசர் மூலம் நகரம் அளக்கப்பட்டது.

இதனால் என்ன பலன்?

எந்தக் கூரையில் நிழல் விழாமல் சோலார் பேனல் வைக்கலாம், சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்குப் படி இல்லாத வழி எது, புதுக் கட்டடம் காற்றோட்டத்தை மறிக்குமா என்றெல்லாம் இதில் பார்க்க முடியும்.

சிக்கலே இல்லையா?

இருக்கு. தகவல் பழையதானால் பதிலும் தப்பாகும். குறிப்பாக பூமிக்கடியில் போகும் குழாய், கேபிள்கள் வரைபடத்தில் ஒரு இடத்திலும், நிஜத்தில் வேறு இடத்திலும் இருக்கலாம். இதைச் சரிசெய்யவே ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்ற தனித் திட்டம் 2017-ல் தொடங்கியது. நகரத்தின் நுணுக்கமான விவரங்கள் தவறான கைக்குப் போகாமல் காப்பதும் பெரிய சவால்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டடம் வந்தால் அந்தத் தெருவுக்குக் காற்று குறையும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். பரவாயில்லை, கட்டலாமா, வேண்டாமா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்யணும். அந்த முடிவில் அந்தத் தெருக்காரர்களின் குரலும் இருந்தால்தான் முழுப் பலன்.