ஒரு லிங்க் எங்கே திறக்க வேண்டும்?



போன வாரம் தரம் 11 பிள்ளைகள் எச்டிஎம்எல் எழுதிப் பழகினார்கள். ஒரு மாணவன், தான் செய்த பக்கத்திலிருந்து வேறொரு தளத்துக்கு லிங்க் கொடுத்திருந்தான். "சேர், லிங்க்கை அழுத்தினா எங்கட பக்கம் போயிடுது. அது இருக்கத்தக்கதா மற்றதைத் திறக்க ஏலாதா?" என்று கேட்டான். 'டார்கெட்' என்று எழுதி, அதற்கு 'அண்டர்ஸ்கோர் பிளாங்க்' என்று மதிப்புக் கொடுக்கச் சொன்னேன். சரி வந்தது. அந்தச் சின்னக் கட்டளைக்குப் பின்னால் ஏறக்குறைய முப்பது வருசக் கதை இருக்கிறது. நம் போனின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருப்பதால்தான் எழுதுகிறேன்.

1993இல் மொசைக் உலாவி வந்த காலத்தில், லிங்க்கை அழுத்தினால் அதே ஜன்னலில் பழைய பக்கம் போய்ப் புதியது வரும். திரும்ப வேண்டுமென்றால் 'பேக்' பட்டன். 1996இல் நெட்ஸ்கேப் 2.0 ஒரு ஜன்னலையே பல துண்டுகளாகப் பிரிக்க வழி செய்தது. அதற்குப் பெயர் ஃபிரேம். இடது பக்கத்தில் பட்டியல், வலது பக்கத்தில் விடயம். இடப்பக்கம் அழுத்தியது வலப்பக்கம் திறக்க வேண்டுமே! அதற்காக வந்ததுதான் டார்கெட். துண்டின் பெயரைக் கொடுத்தால் அங்கே திறக்கும். பிளாங்க் என்றால் புது ஜன்னலில் திறக்கும்.

அன்றிலிருந்து, எங்கே திறப்பது என்பதைப் பக்கம் எழுதுபவரும் தீர்மானிக்கலானார். எதிர்ப்பும் உடனே கிளம்பியது. ஃபிரேமுக்குள் எதை அழுத்தினாலும் மேலே முகவரி மாறாது, ஒரு பக்கத்தைக் குறித்து வைக்கவும் முடியாது என்று ஜேக்கப் நீல்சன் 1996 டிசம்பரிலேயே எழுதினார். 1997இல் வெளியான எச்டிஎம்எல் 4இன் கண்டிப்பான வடிவத்தில் டார்கெட்டுக்கு இடமே இல்லை. அப்படியும் எழுதுபவர்கள் விடவில்லை; ஜாவாஸ்கிரிப்ட் மூலம் புது ஜன்னல் திறந்தார்கள். 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 டேப்களைப் பரவலாக்கியது. 2006இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7உம் அவ்வழிக்கு வந்தது. கடைசியில், 2014இல் எச்டிஎம்எல் 5 ஃபிரேமைக் கைவிட்டு, டார்கெட்டை வைத்துக்கொண்டது.

இதற்குள் ஓர் ஓட்டையும் இருந்தது. புதிதாகத் திறந்த பக்கத்துக்கு, தன்னைத் திறந்துவிட்ட பழைய பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றும் வசதி கிடைத்துவிட்டது. நீங்கள் புதிய டேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் உள்ள பழைய டேப் போலியான லொகின் பக்கமாக மாறிவிடலாம். திரும்பி வந்ததும் "கணக்கு வெளியேறிவிட்டது போல" என்று நினைத்து, கடவுச்சொல்லை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். இதைத் தடுக்க 'நோஓப்பனர்' என்ற சொல்லைச் சேர்க்கும் முறை வந்தது. 2016இல் குரோம் அதை ஏற்றது. ஆனால் எழுதுபவர் மறந்துவிட்டால்? அதனால் உலாவிகளே அந்தக் கதவைப் பூட்டத் தொடங்கின: சஃபாரி 2019இல், ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜூலையில், குரோம் 2021 ஜனவரியில்.

நமக்கு முக்கியமான இடம் இதுதான். பிள்ளைக்குப் புதுப் போன் வந்தால், பழையது வீட்டில் பெரியவர்களுக்குப் போகும். அதில் உலாவி பல வருசமாக அப்டேட் ஆகாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தப் பூட்டு அதில் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே குரோமை அப்டேட் செய்து கொடுங்கள். எந்தப் போனாக இருந்தாலும், கடவுச்சொல் எழுதமுன் மேலே உள்ள முகவரியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பெறுபேறு பார்க்கும் அவசரத்திலும்தான்.

நான் விளக்கியதைக் கேட்டபின், அந்த மாணவன் டார்கெட்டை எடுக்கவில்லை. நோஓப்பனரையும் சேர்த்து, லிங்க்குக்குப் பக்கத்தில் "புதிய பக்கத்தில் திறக்கும்" என்று எழுதி வைத்தான். வாசிக்க வருபவர் விருந்தாளி மாதிரி. எந்த அறைக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தானே கதவைத் திறக்க வேண்டும்.

வீட்டில் பழைய போன் பாவிக்கும் உம்மா வாப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.