விமானிப் பணியும் நம் இளைஞரும்: ஒரு வரலாற்று நோக்கு

கம்பைநல்லூரின் வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட நம் முன்னோர், தலைக்கு மேல் விமானம் சென்றால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொள்வர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் கல்விக் கழகத்தின் மாலை வகுப்பில் அமர்ந்து, “விமானி ஆவது எப்படி?” என்று வினவுகின்றனர். இக்கேள்வி நம் நெஞ்சைக் குளிர்விக்கிறது. ஆனால் பெற்றோர் மற்றொன்று கேட்கின்றனர்: “இருக்கும் அரை ஏக்கரை விற்றுப் படிக்க வைத்தால், அந்த வேலை நிலைக்குமா?” இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டுதல் வேண்டும்.

தொடக்கக் காலம்

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்களுக்காக அண்ணல் அம்பேத்கர் போராடிய காலம் அது. சரியாக மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் பிறப்பு இதுவே எனலாம்.

அக்காலத்தில் விமானம் ஓட்டப் பழகியோர் யாவர்? பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் செலுத்த வல்லவர்களே. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் அப்பழகு நிலையங்களின் வாயிலை எண்ணியும் பார்த்திருக்க இயலாது.

நாட்டுடைமை தந்த நிலைப்பேறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் படைகள் விட்டுச்சென்ற டகோட்டா விமானங்கள் மலிந்தன. அவற்றை வாங்கித் தனியார் பலர் நிறுவனங்கள் தொடங்கினர். பயணிகள் போதவில்லை. அம்பிகா, ஜூபிடர் ஆகிய நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. 1953-இல் நாடாளுமன்றம் விமானக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. எட்டு நிறுவனங்கள் ஒன்றிணைந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயிற்று. அயல்நாட்டுப் போக்குவரத்து ஏர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் விமானிப் பணி, ஊதிய விகிதமும் பணிமூப்புப் பட்டியலும் சேமநல நிதியும் உடைய பொதுப் பணியாயிற்று.

பின்னர்ப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இடஒதுக்கீடு வந்தது. விமானிகளைத் தெரிவு செய்த விளம்பரங்களிலும் நமக்கென இடங்கள் காட்டப்பட்டன. எனினும் அவ்விடங்களுக்கு விண்ணப்பிக்கவே வணிக விமானி உரிமம் வேண்டும். அவ்வுரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதற்கோ பெரும்பொருள் வேண்டும். இரண்டாம் வாயிலில் நமக்கு வழிவிட்டனர். முதல் வாயிலோ பூட்டியே கிடந்தது.

அப்பூட்டைத் திறக்க அரசு சில திறவுகோல்களைத் தந்தது உண்மை. 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் காலப்போக்கில் விமானிப் பயிற்சிக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் 2010-ஆம் ஆண்டின் விதிகளின்படி நாடு முழுமைக்கும் ஆண்டொன்றுக்கு 50 பேருக்கே அது கிட்டியது. உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தில் 1980-களின் நடுவில் தொடங்கிய இந்திரா காந்தி தேசியப் பறத்தல் பயிற்சி நிறுவனத்திலும் இடஒதுக்கீடு உண்டு.

தனியார் வருகையும் வீழ்ச்சியும்

1994-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. வானம் தனியாருக்குத் திறந்தது. வேலைகள் பெருகின, ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை, நிலைப்பேறும் இல்லை.

இதனை அறியத் தொலைவு செல்ல வேண்டா. நமக்கு அண்மையிலுள்ள விமான நிலையம், தருமபுரிச் சாலையில் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் சேலம் நிலையமே. 1990-களில் அங்கு வந்த என்.இ.பி.சி. நிறுவனம் சின்னாளில் சேவையை நிறுத்தியது. பின்னர் நிறுவனமே மறைந்தது. 2009-இல் வந்த கிங்ஃபிஷர் 2011-இல் சேலத்தைக் கைவிட்டது; 2012 அக்டோபரில் முற்றிலும் நின்றது. 2018-இல் வந்த ட்ரூஜெட் 2022-இல் முடங்கியது. ஒரே ஓடுதளத்தில் இறங்கிய மூன்று நிறுவனங்கள் அடுத்தடுத்து அழிந்தன. 2023 அக்டோபரில்தான் அங்கு மீண்டும் பயணிகள் விமானம் வரலாயிற்று.

பெரியனவும் தப்பவில்லை. கால் நூற்றாண்டு பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் நாள் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. கிங்ஃபிஷர், ஜெட் விமானிகள் தங்கள் நிறுவனங்கள் நிற்பதற்கு முன்பே மாதக்கணக்கில் ஊதியமின்றிப் பணியாற்றினர். வேறு நிறுவனம் சென்றால் அங்குப் பணிமூப்பு பெரும்பாலும் கடைசியிலிருந்தே தொடங்கும். விமான வகை மாறினால் அவ்வகைக்கெனத் தனிப் பயிற்சியும் தேவை. அச்செலவைப் பலர் தம் கையிலிருந்தே செய்கின்றனர். மருத்துவச் சோதனையில் தவறினால் உரிமமே செல்லாது.

இன்னொரு முரண் நோக்கத்தக்கது. 2017-இல் வந்த விதியின்படி தலைமை விமானி வேலையை விட ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். நிறுவனம் நிற்கும்போதோ விமானிக்கு ஒரு நாள் முன்னறிவிப்பும் கிட்டுவதில்லை.

2022 சனவரி 27-ஆம் நாள் ஏர் இந்தியாவும் டாட்டா குழுமத்திடம் சென்றது. அதனோடு, பயணிகள் விமானத் துறையின் பெரிய நிறுவனமொன்றில் நமக்கிருந்த இடஒதுக்கீட்டு வாயிலும் அடைபட்டது.

கடல் கடந்த சான்று

மனம் தளர்தல் வேண்டா. அமெரிக்காவில் கறுப்பின மங்கை பெஸ்ஸி கோல்மனை எந்தப் பறத்தல் பள்ளியும் சேர்க்கவில்லை. அவர் சிகாகோவில் நகம் திருத்தும் வேலை செய்து, பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சு சென்று 1921-இல் உரிமம் பெற்றார். விமானப்படையில் பறந்த அனுபவமுடைய மார்லன் கிரீன் என்னும் கறுப்பினத்தவரை 1957-இல் ஒரு விமான நிறுவனம் ஏற்க மறுத்தது. அவர் வழக்காடினார். 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1965-இல் அதே நிறுவனத்தில் விமானியானார். பெஸ்ஸிக்கு வழிகாட்டியது விடாமுயற்சி. கிரீனுக்குத் துணை நின்றது சட்டம். நமக்கு இரண்டும் தேவை.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. உரிமம் விமானிக்கு உரியது. வேலையோ நிறுவனத்தின் வாழ்வைப் பொறுத்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை ஈராண்டு வேலையின்றி இருந்தாலும் தாங்குவான். ஐம்பது இலட்சத்தையும் கடக்கும் பயிற்சிக் கடனோடு நம் வீட்டுப் பிள்ளை தாங்கான். ஆகவே நிலத்தை விற்று இப்படிப்பில் இறங்குதல் தகாது. உதவித்தொகை உறுதியான பின்னரே சேர்தல் வேண்டும். பணம் கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்தல் வேண்டும். கூடவே ஒரு பட்டமும் பெறுதல் நலம்.

வேறு வழிகளும் உள. விமானப்படையில் அதிகாரியாகத் தேர்வு பெறுவோர்க்குப் பறக்கும் பயிற்சியை அரசே தன் செலவில் அளிக்கிறது. அங்கு இடஒதுக்கீடு இல்லையாயினும் கட்டணமும் இல்லை. இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் பணிக்கு இயற்பியலும் கணிதமும் கொண்ட பட்டமோ பொறியியல் பட்டமோ போதும். போட்டித் தேர்வு வழியே கிட்டும் பொதுத்துறைப் பணி அது. அதில் இடஒதுக்கீடும் உண்டு. வானில் பறக்கும் விமானிக்கு வழி சொல்பவர் அவரே என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

பறத்தல் பயிற்சிப் பள்ளிகள் அமைக்க 2022-இல் ஆணையம் தேர்ந்த இடங்களுள் சேலமும் ஒன்று. பள்ளி அருகில் வருவதால் மட்டும் நம் பிள்ளைகள் உள்ளே செல்லமாட்டார். நம் கழகம் ஆண்டுதோறும் கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்த ஒருவரேனும் இத்துறையின் தேர்வுகளுக்கு ஆயத்தமாகத் துணைநிற்றல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம், மருத்துவச் சோதனைச் செலவு, நூல்கள் ஆகியவற்றுக்கு ஒரு சிறு நிதி போதும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்னும் கோரிக்கையை விடாது முழங்குதல் மற்றொரு கடமை.

வெள்ளி விழாக் காணும் இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில், காமலாபுரத்தில் இறங்கும் விமானத்தை நம் ஊர்ப் பிள்ளை ஓட்டி வருக! கீழே அவர்தம் பெற்றோரின் அரை ஏக்கரும் விற்கப்படாமல் விளைந்து நிற்க!