செம்பவாங் 'நேவல் பேஸ்': பங்களாக்கள் இருக்கின்றன... ஊழியர்களின் ஊர் எங்கே?

'கே.ஜி.எஃப்' என்றதும் நம்மில் பலருக்கு யஷ் நடித்த படம் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் 'தங்கலான்'.

நிஜமான கோலார் தங்கவயல் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் நிறுவனம் 1880களில் அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போன அந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி இழுத்து மூடினார்கள். துரைமார் பங்களாக்கள், கிளப், தொழிலாளர்களின் லயன் வீடுகள், சயனைடு கலந்த மண்மேடுகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. வேலைதான் இல்லை. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறார்கள்.

சிங்கப்பூரில் தங்கச் சுரங்கம் கிடையாது. ஆனால் ஒரே முதலாளி கட்டிய ஊர், அந்த முதலாளி மூட்டை கட்டியபோது என்ன ஆகும் என்ற கேள்வியை நாமும் சந்தித்திருக்கிறோம். இடம், செம்பவாங். அங்கே நடந்தது கோலாருக்கு நேர் எதிர். வேலை தப்பித்தது, ஊர் போய்விட்டது.

ரப்பர் தோட்டத்தில் ஒரு கடற்படைத் தளம்

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் கடற்படை வளர்ந்துகொண்டே போனது. கிழக்கே ஒரு பெரிய தளம் வேண்டும் என்று பிரிட்டன் நினைத்தது. 1923இல் ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் நிலம் அதற்காக ஒதுக்கப்பட்டது. மொத்தம் 2,845 ஏக்கர். அதுவரை அங்கே இருந்தவை ரப்பர் தோட்டங்கள், சதுப்புநிலம், கம்பங்கள்.

தளத்தின் பெருமை, ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர்கொண்ட 'டிரை டாக்'. கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் பிரம்மாண்டமான குழி அது. நீளம் சுமார் 1,000 அடி. 1938 பிப்ரவரி 14ஆம் தேதி ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதைத் திறந்துவைத்தார்.

நான்கே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அத்தனை செலவில் கட்டிய தளம் தீவைக் காப்பாற்றவில்லை. அந்தக் கதையைப் பள்ளி வரலாற்றுப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். நாம் இங்கே பார்க்கப்போவது தளத்துக்குள் வாழ்ந்தவர்களை.

வேலியின் இரண்டு பக்கமும்

'நேவல் பேஸ்' வெறும் வேலையிடம் இல்லை, ஒரு முழு ஊர். அதிகாரிகளுக்குக் கறுப்பு வெள்ளை பங்களாக்கள்: தூண்கள்மேல் எழுப்பிய வீடு, உயரமான கூரை, அகலமான வராண்டா, சுற்றிலும் புல்வெளி. சாலைகளுக்கு வெலிங்டன், டர்பன், மால்ட்டா, ஜிப்ரால்ட்டர் என்று பிரிட்டிஷ் பேரரசின் வரைபடத்தையே பெயராக வைத்தார்கள். நம் கான்பரா எம்ஆர்டி நிலையத்தின் பெயரும் அந்த வழியில் வந்ததுதான். ஆஸ்திரேலியாவுக்கும் அந்த நிலையத்துக்கும் வேறென்ன சம்பந்தம் என்று யோசித்திருந்தால், இதுதான் பதில்.

ஊழியர்களுக்கு வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். குறிப்பாக மலையாளிகள். 1950களில் 'நேவல் பேஸ் கேரள நூலகம்' என்று ஒன்றைத் தொடங்கி, நாடகம், இலக்கியம் என்று கலக்கினார்கள். தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். சங்கம், கோயில், கால்பந்து, காப்பிக்கடை எல்லாம் தளத்தைச் சுற்றியே. வெளியே செம்பவாங் ரோட்டில் சோங் பாங் கிராமம். சம்பள நாளில் கடைத்தெரு களைகட்டும் ரகம்.

ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பிறந்ததும் இந்த ஊரில்தான். 1960களின் தொடக்கத்தில் கான்பரா ரோட்டில் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாடு அது. தளத்து ஊழியர் ஒருவரின் கனவில் மரமும் நாகமும் முருகனும் தோன்றியதாகச் சொல்வார்கள். பெயரில் 'மரம்' வந்தது அதனால்.

1 வெள்ளிக்குக் கைமாறிய தளம்

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தார்: 1971 முடிவுக்குள் படைகள் வெளியேறும். சிங்கப்பூருக்கு அது இடி. அப்போது பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்தது. தளம் மூடினால் அடுத்த மாதச் சம்பளம்? குடியிருக்கும் வீடும் தளத்துடையது என்றால், வீடு?

கோலாரின் விதி செம்பவாங்குக்கும் வந்திருக்கலாம். வராமல் போனதற்கு முக்கியக் காரணம், அந்தக் குழி. தங்கம் ஒருநாள் தீர்ந்துபோகும், அல்லது எடுக்கிற செலவு விலையைத் தாண்டிவிடும். கப்பல் டாக் அப்படியில்லை. போர்க்கப்பலுக்குப் பதில் எண்ணெய்க் கப்பலை உள்ளே விட்டால் போதும். கைத்திறன் உள்ள ஆட்களும் தயாராக இருந்தார்கள்.

1968 டிசம்பரில் கப்பல் பட்டறை பெயரளவுக்கு 1 வெள்ளிக்குச் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பவாங் ஷிப்யார்ட் நிறுவனம் அதை நடத்தத் தொடங்கியது. தொடக்கத்தில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது பிரிட்டனின் ஸ்வான் ஹன்ட்டர். 1971 அக்டோபர் 31ஆம் தேதியுடன் பிரிட்டிஷ் தூரக்கிழக்குப் படைத் தலைமையகம் மூடப்பட்டது. பட்டறையில் வெல்டிங் பொறி பறப்பது நிற்கவில்லை.

எதை வைத்துக்கொண்டோம், எதை இடித்தோம்?

இங்கேதான் கதை கொஞ்சம் உறுத்துகிறது. கறுப்பு வெள்ளை பங்களாக்களுக்கு ஆபத்து வரவில்லை. நியூசிலாந்துப் படையினர் 1989 வரை இங்கே இருந்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு இன்றும் இருக்கிறது. அந்த வீடுகளுக்குக் குடித்தனக்காரர்கள் எப்போதும் உண்டு, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. 1940 வாக்கில் கட்டி முடித்த 'அட்மிரல்டி ஹவுஸ்' 2002இல் தேசிய நினைவுச்சின்னமானது. இப்போது அதைச் சுற்றித்தான் 'புக்கிட் கான்பரா' நடுவம் எழுந்திருக்கிறது. நீச்சல்குளத்துக்குப் போகிறவர்கள் ஒரு தடவை மேட்டை நிமிர்ந்து பாருங்கள். கடலோரத்து 'பியூலியூ ஹவுஸ்' 2005இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது.

ஊழியர் குடியிருப்புகள்? படிப்படியாகக் காணாமல் போயின. சோங் பாங் கிராமம் 1980களில் அழிந்தது. பெயர் மட்டும் ஈசூனுக்குக் குடிபெயர்ந்தது. 'நேவல் பேஸ்' என்ற பெயருடைய பள்ளிகளும் இப்போது ஈசூனில்தான். கான்பரா ரோட்டு முருகனும் 1990களில் ஈசூன் தொழிற்பேட்டைப் பக்கம் இடம்மாறினார். பங்குனி உத்திரத்தன்று பால்குடமும் காவடியும் அங்கே போகின்றன. பழைய கம்ப வாழ்க்கையில் மிஞ்சிய ஒரு சில அடையாளங்களில், 1963இல் கிராமத்து மக்கள் கட்டிய 'பெத்தெம்பத்தான் மெலாயு' பள்ளிவாசல் முக்கியமானது.

இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். நெருக்கமான குடியிருப்பிலிருந்து கழக வீட்டுக்கு மாறிய குடும்பங்கள் சொந்த வீட்டுச் சாவியோடு போயின. கோலாரில் பல குடும்பங்கள் அதே லயன் வீட்டுக்கு உரிமை கேட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. அந்த வகையில் நம்மவர்களுக்குக் கிடைத்தது நல்ல பேரம். ஆனாலும் கட்டடங்களை மட்டும் பார்த்து வரலாறு படிக்கிறவருக்கு, இந்தத் தளத்தில் அதிகாரிகள் மட்டும்தான் வாழ்ந்தார்கள் என்றே தோன்றும். அழகான கட்டடக்கலை பாதுகாக்கப்படுகிறது. ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வரிசை வீட்டை யாரும் அழகு என்று சொன்னதில்லை.

அடுத்து என்ன?

ஊர் போனாலும் நிலைத்திருந்த வேலையும் இப்போது செம்பவாங்கை விட்டுக் கிளம்புகிறது. பட்டறையை நடத்திய செம்ப்கார்ப் மரீன், 2023இல் கெப்பலின் கடல்துறைப் பிரிவோடு சேர்ந்து 'சீட்ரியம்' ஆனது. பணிகள் துவாஸுக்கு மாறிவருகின்றன. காலியாகும் இடத்தை வீடுகளும் பொழுதுபோக்கும் கலந்த கரையோர வட்டாரமாக மாற்றும் எண்ணம் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் 2025 பெருந்திட்ட வரைவில் இருக்கிறது.

அதாவது, எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வு மீண்டும் வருகிறது. இந்த முறை பேச்சு பங்களாக்களைப் பற்றியது அல்ல. டாக், கிரேன், பட்டறைக் கூடம் என்று ஊழியர்கள் வியர்வை சிந்திய இடங்களைப் பற்றியது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ நேவல் பேஸ் ஆட்கள் என்றால், எந்த வரிசையில் வீடு இருந்தது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டு வையுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கம் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். செம்பவாங் பேருந்து நிலையத்திலிருந்து 882ஆம் எண் பேருந்து பூங்காவரை போகும். அங்கிருந்து கடலோரமாகப் பார்த்தால் கிரேன்கள் இப்போதும் தெரியும்.