எழுத்துக்கு வராத மறுப்பு: சோதனைச்சாவடிகளும் தன்னார்வச் சாட்சிகளும்

ராணுவம் மறிக்கும் சாலைகளிலும் நடமாட அனுமதி வழங்கும் அலுவலகங்களிலும் பொதுமக்களில் சிலர் தாமாக முன்வந்து நின்று, நடப்பதைக் கவனித்து எழுதி வைக்கிறார்கள். இதனால் என்ன பயன்? கொடுமையைச் சற்றே தணிக்கிறார்கள் என்பது வழக்கமான பாராட்டு. அப்படித் தணிப்பதாலேயே அது நீடிக்க வழிசெய்கிறார்கள் என்பது வழக்கமான கண்டனம். இரு சாராரும் சாவடியில் நிற்கும் சிப்பாயையே நோக்குகின்றனர். ஆனால் காரணம் சொல்லாமலும் காகிதத்தில் பதியாமலும் ஒருவரைத் திருப்பியனுப்ப முடிவதில்தான் அனுமதிமுறையின் வலு அடங்கியிருக்கிறது. அந்த மறுப்பை எழுத்துக்குக் கொண்டுவருவதே தன்னார்வக் கண்காணிப்பின் தலையாய பணி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. மேற்குக் கரை: வரிசையிலிருந்து கோப்புக்கு

இரண்டாம் இன்திஃபாதா என்னும் பாலஸ்தீன எழுச்சி தொடங்கிய சில மாதங்களில், 2001இன் தொடக்கத்தில், ரோனி யேகர், ஆதி குன்ட்ஸ்மன், யெஹுதித் கேஷெத் ஆகிய மூன்று இஸ்ரேலியப் பெண்கள் ‘மக்சோம் வாட்ச்’ அமைப்பைத் தொடங்கினர். பெண்கள் மட்டுமே உறுப்பினராகும் இவ்வமைப்பினர் காலையும் பிற்பகலும் முறைவைத்துச் சாவடிகளுக்குச் சென்றனர். ஒவ்வொரு முறையும் ஓர் அறிக்கையோடு முடியும். நாள், நேரம், சாவடி, சென்றவர் யார், எத்தனை சோதனை வரிசைகள் திறந்திருந்தன, கலந்தியா போன்ற சாவடியில் வரிசையின் கடைசியில் நின்றவர் கடந்துபோக எவ்வளவு நேரம் பிடித்தது என்பவை அதில் இருக்கும். ராணுவ நீதிமன்றங்களையும் அனுமதி வழங்கும் மாவட்ட அலுவலகங்களையும் அவர்கள் கண்காணித்தனர்.

இப்பெண்கள் அங்கு நிற்பது ராணுவத்துக்கே மனிதாபிமானத் தோற்றம் தந்துவிடக்கூடும் என்ற விமர்சனத்தை ஹாகர் கோதெஃப், மெராவ் அமிர் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் விரிவாக எழுதினர். அவ்விமர்சனத்தில் நியாயம் உண்டு. சிப்பாயிடம் பரிந்து பேசி ஒரு நோயாளியைக் கடக்கச் செய்தால், அன்று நன்றி பெறுவது சிப்பாயின் பெருந்தன்மை. விதி அப்படியே நிற்கும். ஆனால் அலுவலகக் கவுன்ட்டரில் நடந்தது வேறு. வேலைக்கான அனுமதி கேட்டுப் போன பாலஸ்தீனர்களுக்குப் ‘பாதுகாப்புக் காரணத்தால் தடை’ என்ற பதில் மட்டுமே கிடைத்தது. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இப்பெண்கள் அவர்களுக்கு மேல்முறையீட்டுப் படிவங்களை நிரப்பித் தந்து, வழக்கறிஞர்களிடம் அனுப்பினர். அந்த உதவியின் வழியாகத்தான் தடைப்பட்டியல் எவ்வளவு பரந்தது என்பது அவர்களுக்கே தெரியவந்தது. 2007இல் அதை அறிக்கையாக வெளியிட்டனர். வழக்குத் தாக்கலானதும், விசாரணைக்கு முன்பே, பல தடைகள் விலக்கப்பட்டன. காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும் காரணமே இல்லாமல் போயிற்று. உதவியும் பதிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இது காட்டுகிறது.

2. வவுனியா: இரண்டு பாஸ்களுக்கு நடுவே

தமிழர்க்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இலங்கைப் போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர் நாள் பாஸ், வாரப் பாஸ், மாதப் பாஸ் என்று காகிதத்துக்காகக் காத்திருந்தார். கொழும்புக்குப் போக அவருக்காகப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். மறுபுறம், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியேறவும் பாஸ் வேண்டும். திரும்பி வருவதற்கு ஒருவரைப் பிணை வைக்க வேண்டும். ஒரே மனிதர் இரு அதிகாரங்களிடமும் விண்ணப்பித்தார்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சாட்சிகளாக நின்றவை பிரஜைகள் குழுக்கள். பாதிரியாரும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற அலுவலரும் சேர்ந்த இக்குழுக்கள், பிடித்துச் செல்லப்பட்டோரின் பெயர்களைத் தொகுத்து முகாம் வாசல்களுக்குப் போயின. இஸ்ரேலியப் பெண்கள் ஆளும் தரப்பின் குடிமக்கள். அதுவே அவர்களுக்குக் கவசம். பிரஜைகள் குழுவினரோ சோதிக்கப்படும் மக்களைச் சேர்ந்தவர்களே. அவர்களுக்குக் கவசமேதும் இல்லை. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார், இந்திய அமைதிப்படைக் காலத்தில், 1988 ஜூன் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

பட்டியலின் வலு எத்தகையது என்பதற்கு வந்தாறுமூலை சான்று. 1990 செப்டம்பர் 5 அன்று கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேரை ராணுவம் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பவில்லை. முகாமை நடத்திய விரிவுரையாளர்கள் அதைப் பதிவுசெய்து வெளியே சொன்னார்கள். காணாமல்போனோர் குறித்து விசாரிக்க 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன் அது சாட்சியமாயிற்று. நீதி கிட்டவில்லை, ஆனால் நடக்கவே இல்லை என்று மறுக்கும் வழி அடைபட்டது.

பாஸ் முறையாலும் எழுத்தின் முன் நிற்க முடியவில்லை. சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், இப்படி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தச் சட்ட ஆதாரம் இல்லை என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2002இல் கண்டது. அதற்குமுன் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அடிபணிந்தது எந்தச் சட்டத்துக்கும் அல்ல, ஒரு வழக்கத்துக்கு.

3. பைலகுப்பே: சிப்பாய் இல்லாத அனுமதி

சிப்பாயை அகற்றிவிட்டுப் பார்த்தால் எழுத்தின் வலு இன்னும் தெளிவாகும். மைசூரு மாவட்டம் பைலகுப்பேயில் 1960களின் தொடக்கத்திலிருந்து திபெத்திய அகதிகள் வாழ்கின்றனர். அங்கே மறிப்புக் கம்பமோ துப்பாக்கியோ இல்லை. இருந்தும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் அவர்களால் வாழ முடியாது. வெளிநாட்டவர் அங்கே தங்க உள்துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். ஆனால் இந்தியாவில் பிறந்த திபெத்தியப் பெண்ணொருவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, மறுப்பு எழுத்தில் வந்தது. அந்தக் கடிதத்தை எதிர்த்து வழக்காட முடிந்தது. 2010 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் அவரைப் பிறப்பால் இந்தியக் குடிமகள் என அறிவித்தார். வவுனியாவிலும் பைலகுப்பேயிலும் மனிதர்கள் காகிதத்தால் கட்டுண்டிருந்தாலும், எழுதப்பட்ட மறுப்பு தன்னை எதிர்க்கும் கருவியையும் சேர்த்தே கொடுக்கிறது.

4. ஓமந்தை: கண் இருந்தும் ஏடு இல்லாத இடம்

பார்வையாளர் இருந்தாலே போதுமா? போர்நிறுத்தக் காலத்தில், வவுனியாவுக்கு வடக்கே இருந்த ஓமந்தைச் சாவடியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இருந்தது. ஆனால் தன் அவதானிப்புகளை ரகசியமாக வைப்பது அதன் நடைமுறை. அதனால்தான் அதற்கு அனுமதியே கிடைக்கிறது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியோர் ஓமந்தையில் வடிகட்டப்பட்டபோது, ஊர்க்குழு எதற்கும் அங்கே நின்று பெயர் எழுத இடமில்லை. சாவடி 2015இல் அகற்றப்பட்டது. 2017 பிப்ரவரி 24 முதல் வவுனியாவில் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருக்கும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்பவற்றில் முக்கியமானது, போரின் இறுதியில் ராணுவத்திடம் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியல். தாமே கையளித்த மகனுக்கு ஒரு ரசீது கேட்கிறார்கள்.

எனவே கண்காணிப்பை மதிப்பிட வேண்டிய கேள்வி, இன்று எத்தனை பேர் எளிதாகக் கடந்தார்கள் என்பது மட்டுமல்ல. எத்தனை மறுப்புகள் நாளும் அலுவலர் பெயரும் சட்டப் பிரிவும் தாங்கிய காகிதமாக மாறின என்பதும் ஆகும். நம் ஆய்வுலகுக்கும் இதில் கடன் உண்டு. பிரஜைகள் குழுக்களின் கோப்புகளும் மக்கள் கையில் எஞ்சியுள்ள பாஸ்களும் தொகுக்கப்பட்டு, யாரும் அணுகக்கூடிய ஆவணமாக வேண்டும். உயிரைப் பணயம் வைத்து எழுதியவர்களின் பட்டியல்களைக் கறையான் தின்ன விடுவது, அந்தப் பெயர்களை இரண்டாம் முறை காணாமல் ஆக்குவதாகும்.