உரோமையில் விசாரிக்கப்பட்ட நம் வழக்கு: இத்தாலி செல்லும் தம்பதியருக்கு



கோடை நெருங்கும்போது மல்வேர்ன் வீடுகளில் பயணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடனை ஒருவாறு அடைத்து, திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையோ நாற்பதாம் ஆண்டையோ எட்டிய தம்பதியர் பலர் இப்போது இத்தாலிக்குச் செல்கின்றனர். உரோமை, புளோரன்ஸ், பீசா, வெரோனா, வெனிஸ் எனப் பத்து நாட்களில் சுற்றிவரும் பயணங்கள் அவை. பதுவாவில் அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டு வணங்காமல் நம்மவர் திரும்புவதும் இல்லை. ஆண்டுக்கணக்காக இரவு வேலையும் பகல் வேலையும் மாறிமாறிச் செய்தவர்கள், இருவராகச் சேர்ந்து ஒரு பழைய தெருவில் ஆறுதலாக நடப்பது இறைவன் தரும் கொடையே. மனமார மகிழ்கிறேன்.

ஆயினும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்நகரங்களைப் பிறர் வீட்டுப் பழம்பெருமையாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தமிழ் மக்களைப் பற்றிய ஒரு பெரிய வழக்கு உரோமையில் விசாரிக்கப்பட்டது. அதன் தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டது. அத்தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியை நாம் பெருமையுடன் பெற்றுக்கொண்டோம். இரண்டாம் பகுதியை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

உரோமையில் பந்தியோனைப் பார்க்காமல் வருபவர் அரிது. அங்கிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், இயேசு சபையினரின் தாய்க் கோவிலான ஜெசூ ஆலயம் இருக்கிறது. அதன் வலப்பக்கப் பீடத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வலது முன்கை பேணப்படுகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் எண்ணற்றோருக்குத் திருமுழுக்கு வழங்கிய கை அது. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மக்களிடம் குருவானவரை அனுப்பிவைத்தவரும் அவரே. அந்தக் கையை உங்களுட் சிலர் முன்னரே கண்டு வணங்கியிருப்பீர்கள். 2018 சனவரியில் அது கனடாவின் பல நகரங்களுக்கு எடுத்துவரப்பட்டபோது ரொறன்ரோவுக்கும் வந்தது.

சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்ப்பித்து, மனனம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஓதிக்கொடுத்தார். செபம் தமிழுக்கு வந்துவிட்டது. எனினும் உள்நாட்டு மக்களின் கண்ணுக்கு அச்சமயம் பரங்கி மார்க்கமாகவே இருந்தது. கிறிஸ்தவராவது என்றால் போர்த்துக்கேயரின் பெயரையும் உடையையும் பழக்கத்தையும் ஏற்பது என்றே பொருள் கொள்ளப்பட்டது. தமிழராக இருந்துகொண்டே ஒருவர் கிறிஸ்தவராக முடியுமா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது.

அக்கேள்வியைத் தன் உடலிலேயே சுமந்தவர் தத்துவ போதகர் எனத் தமிழர் அழைத்த றொபேர்ட் தெ நோபிலி அடிகள். தொஸ்கானா மாநிலத்து மொந்தேபுல்சியானோ நகரின் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புளோரன்ஸிலிருந்து உரோமைக்குப் பேருந்தில் செல்வீர்களானால், குன்றின் மேல் அமைந்த அந்த ஊர் உங்கள் வழிக்கு அதிகத் தொலைவில் இல்லை. 1606இல் அவர் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், புலாலை நீக்கி ஒருவேளை உணவு உண்டார். தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் ஆழக் கற்றார். கோவில், குரு, பூசை, அருள், வேதம் என்னும் சொற்கள் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்ற வழிசெய்தவர் அவர். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் தம் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை, அவை குடிமரபின் அடையாளங்களே என்று வாதிட்டார்.

உடன் உழைத்த குருக்களே அவர்மீது குற்றஞ்சாட்டினர். வழக்குக் கோவாவுக்குப் போனது. பின்னர் உரோமைக்கும் போனது. மொந்தேபுல்சியானோவிலேயே பிறந்தவரும் அவருக்கு உறவினருமான கர்தினால் றொபேர்ட் பெல்லார்மின், முதலில் வந்த செய்திகளைக் கேட்டு மனம் நொந்து கடுமையாகக் கடிதம் எழுதினார். நோபிலியின் விளக்கம் கிடைத்த பின்னர் அவருக்கு ஆதரவாளரானார். இறுதியில், 1623 சனவரி 31இல், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கை கலவாதவாறு குடுமியும் நூலும் சந்தனமும் நீராடலும் தொடரலாம் என்பது அதன் முதற்பகுதி.

அந்தத் திருத்தந்தையின் கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? பந்தியோனுக்கு அருகிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில். உங்களில் பலர் அங்கே நின்றிருப்பீர்கள். கட்டப்படாத குவிமாடம் ஒன்றை அந்திரேயா பொட்சோ என்ற ஓவியர் துணியில் தீட்டி, உண்மையான மாடம்போலத் தோன்றச் செய்த ஆலயம் அதுதான். மேற்கூரை ஓவியத்தைக் கண்ணாடியில் தெரியும்படி படம் பிடிக்க மக்கள் வரிசையில் காத்திருப்பார்கள். நீங்களும் இருவராக நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பின் சற்று நேரம் ஆலயத்துக்குள் நடந்து மூன்று கல்லறைகளைத் தேடுங்கள். ஒன்று, தீர்ப்பளித்த கிரகோரியுடையது. மற்றொன்று, முதலில் சினந்து பின்னர் தெளிந்த பெல்லார்மினுடையது. மூன்றாவது கல்லறைக்குரியவரின் பெயர் நம் வீடுகளில் தாத்தாக்களுக்கும் மாமாக்களுக்கும் இடப்பட்ட பெயர்: ஞானப்பிரகாசியார். உலகம் அலோசியஸ் கொன்சாகா என அறியும் புனிதர் அவர்.

இனித் தீர்ப்பின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். அதே ஆவணத்தில் திருத்தந்தை, குலப்பெருமை கொண்டோரைப் பார்த்துக் கிறிஸ்துவின் அன்பின் பெயரால் மன்றாடுகிறார். எளிய நிலையிலுள்ளோரை இகழ வேண்டாம் என்றும், இறைவார்த்தை கேட்பதற்கும் திருவருட்சாதனங்கள் பெறுவதற்கும் அவர்களை விட்டு விலகித் தனியாகக் கூட வேண்டாம் என்றும் கேட்கிறார். நாலு நூற்றாண்டுகளுக்கு முன்பே, நமது நோய் இன்னதென்று உரோமைக்குத் தெரிந்திருந்தது. நோபிலி பண்பாட்டைக் காக்க முனைந்தார். அந்தப் பண்பாட்டோடு பிணைந்திருந்த சாதியை அவரது வழிமுறை அசைக்கவில்லை. உயர்ந்தோர் எனப்பட்டவர்க்கு ஒரு குரு, தாழ்ந்தோர் எனப்பட்டவர்க்கு வேறொரு குரு என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. அவரது பெருமையைச் சொல்லும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது ஞானப்பிரகாசியாரின் கல்லறை ஏன் அங்கே இருக்கிறது என எண்ணிப் பாருங்கள். அவர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்னும் ஊரின் ஆட்சிக்குடியில் 1568இல் மூத்த மகனாகப் பிறந்தார். பட்டத்துரிமையைத் தம்பியிடம் விட்டுத் துறவியானார். 1591இல் உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது, தெருவில் கிடந்த நோயாளரைத் தூக்கிவந்து பணிசெய்து, நோய் தொற்றி, இருபத்து மூன்றாம் வயதில் உயிர்விட்டார். குலத்தை உதறியவர் அவர். குலப்பெருமை வேண்டாம் என்று மன்றாடிய திருத்தந்தையும் அவரும் ஒரே கூரையின் கீழ் துயில்கின்றனர்.

அவர் பிறந்த ஊர் கார்டா ஏரிக்குத் தெற்கே உள்ளது. யூலியத்தின் மாடம் என்று சொல்லி வெரோனாவில் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். தம்பதியர் அதன் முன் நின்று படம் எடுப்பது வழக்கம். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் காஸ்திலியோனேயை அடையலாம். அதே ஊரில் 1680 நவம்பர் 8இல் பிறந்தவர்தான் நம் வீரமாமுனிவர், கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி அடிகள். ஏகார ஓகார எழுத்துகளின் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியவர். 1732இல் சதுரகராதி தந்தவர். 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர். அக்காப்பியத்தின் நாயகர் சூசையப்பர் என்பதைத் தம்பதியராகிய நீங்கள் மறக்கக் கூடாது. அரசனையோ வீரனையோ பாடாமல், தச்சுவேலை செய்து மனைவியையும் குழந்தையையும் காத்த ஒரு கணவரை அவர் பாடினார். அகதியாக எகிப்துக்கு ஓடிய குடும்பத்தலைவர் அவர். நம்மவர்க்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் உரோமைக்கு வருவோம். இசுப்பானியப் படிகள் எனப்படும் இடத்தைக் காண எல்லாரும் விரும்புவர். அச்சதுக்கத்தின் ஒரு பக்கத்தில், மறைபரப்புப் பேராயத்தின் பழைய மாளிகை இருக்கிறது. அப்பேராயத்தை 1622இல் நிறுவியவரும் அதே பதினைந்தாம் கிரகோரிதான். அப்பேராயத்தின் கல்லூரியில், 1930களில் ஊர்காவற்றுறைக் கரம்பொனைச் சேர்ந்த ஓர் இளைஞர் படித்தார். 1938இல் குருவானார். அவரே தனிநாயகம் அடிகள். 1954இல் வத்திக்கான் நூலகத்தில், 1679இல் அச்சான புரொயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். பல நாடுகளைச் சுற்றியவர். தம் பயணநூலுக்கு ‘ஒன்றே உலகம்’ என்று பெயரிட்டவர். சென்ற இடமெல்லாம் தமிழின் சுவடு தேடிய அவரைப் போன்ற பயணிகளாக நீங்களும் இருக்கலாம்.

அடிகளார் உரோமையிலிருந்து திரும்பி ஆசிரியப் பணியாற்றிய ஊர் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். தீர்ப்பின் இரண்டாம் பகுதி மீறப்பட்டதற்கும் நிறைவேறியதற்கும் அவ்வூரே சாட்சி. 1745இல், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளிடம் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயருடன் அதே விசுவாசத்தை ஏற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகிய தேவசகாயம், துன்புறுத்தப்பட்டு 1752 சனவரி 14இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், சாதிக்கொரு பக்கமாக இரு கிளைகளுடன் அமைந்தது. இடையிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது.

2012இல் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரின் பின் சாதிப் பெயரும் ஒட்டியிருந்தது. 2022 மே 15இல் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அது இல்லை. தேவசகாயம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. 1623இல் மன்றாட்டாக எழுதப்பட்டது, 399 ஆண்டுகள் கழித்து ஒரு பெயரிலிருந்து ஒரு சொல்லை எடுத்ததன் மூலம் மீண்டும் சொல்லப்பட்டது. அச்சதுக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, இல்லறத்தாரான அப்புனிதரையும், கணவரின் மரணத்துக்குப் பின்னும் விசுவாசத்தில் நிலைத்த ஞானப்பூ அம்மையாரையும் நினைத்துக் கைகோத்துச் செபியுங்கள்.

அன்பானவர்களே, நமக்கு இது பழங்கதை அல்ல. நீல்சன் வீதியிலும் ஷெப்பர்ட் வீதியிலும் வாழும் நம் குடும்பங்களில், மகனோ மகளோ ‘நான் ஒருவரை விரும்புகிறேன்’ என்று சொன்னால், அவர் விசுவாசத்தையும் குணத்தையும் கேட்பதற்கு முன்னர் ‘எந்த இடம், என்ன ஆட்கள்’ என்ற கேள்வி இன்னும் எழுகிறது. அக்கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்தும், பனி கடந்தும், உடுத்த உடையோடு ஓடிவந்தபோதும், அதை நாம் விட்டுவிட்டு வரவில்லை. பிள்ளைகள் தமிழ் பேசவில்லையே என்று வருந்துகிறோம். தமிழ் என்றால் இக்கேள்விதான் என்று அவர்கள் எண்ணிவிட்டால், அவர்கள் விலகிச் செல்வதில் வியப்பென்ன? தமிழராக இருந்துகொண்டே கிறிஸ்தவராகலாம் என்று உரோமை நமக்குச் சொன்னது. தமிழராக இருந்துகொண்டே சாதியை விடலாம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே இத்தாலி சென்று வாருங்கள். ஓவியங்களையும் கோபுரங்களையும் கண்குளிரக் காணுங்கள். செபமாலைகளும் அந்தோனியார் படங்களும் வாங்கி வாருங்கள். இஞ்ஞாசியார் ஆலயத்தில் அம்மூன்று கல்லறைகளின் முன் ஐந்து நிமிடம் அமர்ந்து, உங்கள் வீட்டில் இனி அக்கேள்வி கேட்கப்படாது என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள். திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புனித சூசையப்பரும், புனித தேவசகாயமும் உங்கள் பயணத்துக்குத் துணைநிற்பார்களாக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குப் பணியில் ஒரு குருவானவர்
மல்வேர்ன், ரொறன்ரோ