தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த காடு

'சிலிப்பர் கட்டை' எண்டதும் எங்கட அம்மா, அப்பாக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் இல்லை, பங்கர். 1990இல் யாழ்தேவி நின்றுபோன பிறகு வடக்கின் தண்டவாளங்களும் கட்டைகளும் கழற்றப்பட்டு, பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. ஷெல்லடிக்குள் எங்கட சனத்தைக் காத்த அந்தக் கட்டைகள் எந்தக் காட்டில் நின்றவை என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பிரித்தானியர் காலத்தில் இருந்தே இலங்கை ரயில்பாதைகளுக்குச் சிலிப்பர் கட்டையாகிய மரங்களில் ஒன்று பாலை. உலர்வலயக் காட்டு மரம். நல்ல வைரம், மழைக்கும் கறையானுக்கும் லேசில் உக்காது. ஆனால் வளர்வது மிக மெதுவாக. வெட்டுப்பட்ட ஒரு பெரிய பாலை எங்கட கொப்பாட்டனுக்கும் மூத்ததாக இருந்திருக்கலாம்.

1905ஆம் ஆண்டைப் பாருங்கள். கொழும்பில் இருந்து காங்கேசன்துறை வரை ரயில்பாதை இணைந்தது அந்த வருடம்தான். வில்பத்து சரணாலயமானதும் அதே வருடம்தான். 1938இல் அது தேசிய பூங்காவானது. கோட்டுக்கு உள்ளே மிருகத்தைச் சுடக்கூடாது என்ற அரசுக்கு, கோட்டுக்கு வெளியே நின்ற மரம் வெறும் பலகைக் கணக்கு.

கரடிக்கு அந்தக் கோடு தெரியாது. அதன் முக்கிய சாப்பாடு கறையான் என்றாலும், பாலை பழுக்கிற காலத்தில் மரத்தில் ஏறி வயிறு நிறையத் தின்னும். விதைகளை எச்சத்தோடு வேறு இடங்களில் போட்டுவிட்டும் போகும். அந்தப் பழத்தைத் தின்று உதடு ஒட்டுப்பட்ட அனுபவம் வன்னிப் பிள்ளைகளுக்கும் இருக்கும். இலங்கையில் மிஞ்சியிருக்கும் கரடிகள் ஆயிரத்துக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. தாழ்நில உலர்வலயக் காடுகளைத் தவிர அவற்றுக்கு வேறு வீடு இல்லை. அந்தக் காட்டில் வன்னியும் ஒரு பங்கு.

2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது, கொங்கிறீற் கட்டைகளின் மேல். இனிச் சிலிப்பருக்குப் பாலை தேவையில்லை. ஆனாலும் வன்னியில் காடு வெட்டுறது நிக்கேல்லை. நாங்களோ மரநடுகை எண்டு கன்றோடு நின்று படம் எடுத்துவிட்டு வாறம். கன்று நடுறது பிழை இல்லை. ஆனால் இன்றைக்கு நடுகிற பாலையில் கரடி ஏறிப் பழம் தின்பதை நாங்கள் இருந்து பார்ப்பமா தெரியாது. ஏற்கெனவே பழுத்துக்கொண்டு நிற்கிற கிழட்டுப் பாலை எங்கட ஊர்க் காட்டில் எத்தனை மிச்சம்? அதை எண்ணுவதில் இருந்து தொடங்குவம்.